கன்ட்ரிப் பாட்டு எல்லோருடைய பாட்டாக மாறிய வழி: ஷனாயா ட்வைனை எப்படிக் கேட்பது

கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து வளர்ந்த இசை வகை. அதைப் பாடிய கனடாப் பாடகி ஷனாயா ட்வைன் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார் என்று கேட்டால் எல்லோரும் விற்பனைக் கணக்கைத்தான் சொல்வார்கள். 'கம் ஆன் ஓவர்' ஆல்பம் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது, ஒரு கன்ட்ரிப் பாடகிக்கு இது பெரிய சாதனை, அது இது என்று. கணக்கு சரிதான். ஆனால் அது எப்படி நடந்தது என்பது கணக்கில் இல்லை, ஒலிப்பதிவில் இருக்கிறது. காதாலேயே அதைப் பிடிக்கலாம். ஸ்கார்பரோவில் என்னிடம் கிற்றார் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இசை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம். ஒரு மாலை நேரம் போதும்.

இதற்கு ஏன் ஷனாயா? கன்ட்ரியிலிருந்து பொப்புக்குப் போனவர்களில் டொலி பார்ட்டன் இருக்கிறார், டெய்லர் ஸ்விஃப்ட் இருக்கிறார். இருந்தாலும் ஒரே பாட்டை ஒரே குரலோடு, கன்ட்ரிக்காரருக்கு ஒரு விதமாகவும் மற்றவர்களுக்கு இன்னொரு விதமாகவும் மிக்ஸ் செய்து, அதாவது கருவிச் சத்தங்களைக் கலந்து, இரண்டையும் கடையில் விற்றவர் அவர்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதோடு அவர் எங்கள் ஒன்ராறியோக்காரர். கனடாவில் வானொலிகள் போடும் பொப் பாடல்களில் 35 சதவீதம் கனடாப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் இங்கே வந்து சேர்ந்த தமிழர்கள் பலருக்கு, ஆங்கிலம் சரியாகப் பிடிபடும் முன்னரே அவருடைய குரல் காதில் ஏறிவிட்டது.

முதலில் தேவையானவை

ஹெட்போன் கட்டாயம். போனின் ஸ்பீக்கரில் கேட்டால் அடிப்பகுதி டிரம்மும் தெரியாது, இரண்டு பக்கமும் பிரித்து வைத்த கருவிகளும் தெரியாது. விலை கூடியது வேண்டாம், வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும். ஒரு தாள், ஒரு பேனை. தாளின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'கன்ட்ரி', வலப்பக்கம் 'பொப்' என்று எழுதுங்கள்.

பாடல்களைத் தேடும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 'கம் ஆன் ஓவர்' 1997 நவம்பரில் வட அமெரிக்காவில் வந்தது. 1998இல் வெளிநாடுகளுக்கென்று வேறு கலவையில் இன்னொரு பதிப்பு வந்தது. அதில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் இருக்கும். 2002இல் வந்த 'அப்!' ஆல்பம் பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று பதிப்பு. ஆல்பத்தின் பெயரோடு நிறத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் கேட்கத் தொடங்கினால் இந்தப் பயிற்சிக்கே அர்த்தமில்லை.

வால்யூமை இரண்டு பதிப்புக்கும் ஒரே அளவில் வையுங்கள். எந்தப் பாட்டுக் கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் 'நன்றாக இருக்கிறது' என்று காது சொல்லிவிடும்.

கேட்கும் முன் அவருடைய கதையில் ஒரு பகுதி

முழுக் கதையும் தேவையில்லை. பாட்டோடு சம்பந்தப்பட்ட பகுதி இது.

1965இல் ஒன்ராறியோவின் வின்ட்சரில் பிறந்தார். ஐலீன் என்பது வீட்டில் வைத்த பெயர். வளர்ந்தது டிம்மின்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர். வளர்த்த தகப்பன் ஜெரி ட்வைன் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர். வீட்டில் வறுமை. எட்டு வயதிலேயே இரவு நேரம், குடி விற்பனை முடிந்த பிறகு, பார்களில் பாடிக் காசு கொண்டுவந்தார். 1987இல் தாயும் தகப்பனும் கார் விபத்தில் இறந்தார்கள். தம்பி தங்கையரைப் பார்க்க வேண்டிய பொறுப்பு 22 வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. ஹன்ட்ஸ்வில் ஊரில் டீர்ஹர்ஸ்ட் என்ற உல்லாச விடுதியில் மேடைப் பாடகியாக வேலை செய்து அவர்களை வளர்த்தார்.

அந்த விடுதி வேலையை நான் முக்கியமாக நினைக்கிறேன். அங்கே வருபவர்கள் கன்ட்ரி ரசிகர்கள் மட்டும் இல்லை. விடுமுறைக்கு வந்த எல்லா வகை ஆட்களும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் இரவுக்கு இரவு வேறு வேறு வகைப் பாட்டைப் பாடிப் பழகிய தொண்டை அது. பின்னால் வந்த பொப் வெற்றிக்கான பயிற்சி அங்கேயே நடந்துவிட்டது என்பது என் எண்ணம்.

1993இல் அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் முதல் ஆல்பம். அதில் உள்ள பாட்டுகளில் அவருக்கு எழுத்துப் பங்கு ஒரே ஒரு பாட்டில்தான். மற்றதெல்லாம் பிறர் எழுதியவை. தனிப்பாட்டாக வெளியிட்ட முதல் இரண்டு சிங்கிள்களும் கன்ட்ரிப் பட்டியலில் 55ஆம் இடத்தோடு நின்றுவிட்டன. கேட்டுப் பாருங்கள், குரல் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் காலத்து நாஷ்வில்லில் யார் பாடியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரு பாட்டைத் தாளின் மேலே எழுதி வையுங்கள், ஒப்பிடப் பயன்படும்.

அதே வருஷம் றொக் இசைத் தயாரிப்பாளர் 'மட்' லாங் அவரைத் தேடி வந்தார். ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆகிய ஆல்பங்களைத் தயாரித்த ஆள். பெரிய மைதானங்களுக்கான றொக் சத்தத்தைச் செதுக்கியவர். ஷனாயா சொந்தமாக எழுதி வைத்திருந்த பாட்டுகளை, நிறுவனம் கண்டுகொள்ளாத பாட்டுகளை, அவர் கேட்டார். 1993 டிசம்பரில் இருவரும் திருமணம் செய்தார்கள். 1995இல் 'தி வுமன் இன் மீ' வந்தது. பெரும்பாலான பாட்டுகள் இருவரும் சேர்ந்து எழுதியவை.

முதல் பாட்டு: டிரம்மை மட்டும் கேளுங்கள்

'எனி மேன் ஆஃப் மைன்'. 1995. கன்ட்ரிப் பட்டியலில் அவருடைய முதல் 1ஆம் இடம். எல்லா வகைப் பாட்டும் சேர்ந்த அமெரிக்கப் பொதுப் பட்டியலான ஹொட் 100இல் 31. இங்கே இரண்டு பதிப்பு தேவையில்லை, இந்த ஒன்றே போதும்.

முதல் தடவை கேட்கும்போது பாட்டை விட்டுவிடுங்கள். டிரம்மில் மட்டும் காதை வையுங்கள். காலால் நிலத்தை உதைக்கிற மாதிரியான தாளம் அது. கனமாக, இடைவெளி விட்டு, ஒவ்வோர் அடியும் பெரிதாக. சாதாரணக் கன்ட்ரிப் பாட்டில் டிரம் பாடகருக்குப் பின்னால் மரியாதையாக நிற்கும். இங்கே முன்னால் வந்து நிற்கிறது. டெஃப் லெப்பர்ட் பாட்டு ஒன்றை இதற்குப் பக்கத்தில் போட்டால் டிரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் தடவை ஃபிடிலையும் பெடல் ஸ்டீலையும் தேடுங்கள். ஃபிடில் என்றால் நம்முடைய வயலின்தான், வாசிக்கும் விதம் வேறு. பெடல் ஸ்டீல் என்பது கால்களில் நிற்கும், மேசை போன்ற கிற்றார். இரும்புக் கட்டையைத் தந்திமேல் வழுக்கி, கால் மிதியையும் முழங்கால் நெம்பையும் இயக்கிச் சுரத்தை வளைப்பார்கள். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு அதைப் பிடிப்பது கஷ்டமே இல்லை. கமகம் போல, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் சத்தம் வந்தால் அதுதான் ஸ்டீல். இந்தப் பாட்டில் இரண்டும் தாராளமாக இருக்கின்றன. கடைசிப் பகுதியில் வரிசை நடனத்துக்கு அடி சொல்லிக் கொடுக்கிற மாதிரி பேச்சுநடையில் அடுக்கிக்கொண்டு போவார்.

அதாவது அடித்தளம் றொக், மேலே உள்ளது முழுக்கக் கன்ட்ரி. கன்ட்ரி வானொலிக்காரர் மறுக்க முடியாது. றொக் கேட்டு வளர்ந்தவரும் நிறுத்த மாட்டார். தாளில் இரண்டு பக்கமும் நிறைய எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் பாட்டு: இரண்டு பதிப்பு

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. இங்கே அவசரப்பட வேண்டாம்.

'யூ ஆர் ஸ்டில் தி ஒன்'. 1998இல் கன்ட்ரிப் பட்டியலில் 1, ஹொட் 100இல் 2. அடுத்த வருஷம் இரண்டு கிராமி விருதுகளை வாங்கியது, இரண்டுமே கன்ட்ரிப் பிரிவில். பொப் வானொலி விழுந்து விழுந்து போட்ட பாட்டுக்குக் கன்ட்ரி விருது. இரண்டு வீட்டிலும் சொந்தப் பிள்ளையாக நின்ற பாட்டு இது.

வட அமெரிக்கப் பதிப்பை முதலில் கேளுங்கள். பேச்சாக ஒரு சிறு முன்னுரை, பிறகு பாட்டு. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளிகளைக் கவனியுங்கள். ஸ்டீல் அங்கேதான் வந்து போகும். எந்த நிமிஷத்தில், எந்த விநாடியில் கேட்டது என்று இடப்பக்கத்தில் குறியுங்கள். இப்போது இன்டர்நேஷனல் பதிப்பைப் போட்டு, அதே விநாடிகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீல் பின்வாங்கிவிட்டது, அந்த இடத்தை வேறு சத்தம் எடுத்துக்கொண்டது என்பது தெரியும். குரல் மாறவில்லை. மெட்டு மாறவில்லை. ஒரு சொல்கூட மாறவில்லை.

என் மாணவி ஒருத்தி முதல் தடவை கேட்டுவிட்டு, "ரீச்சர், ரெண்டும் ஒண்டுதானே?" என்று கேட்டாள். விநாடிக் கணக்கோடு திரும்பக் கேட்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவளே ஹெட்போனைக் கழற்றி, "அந்த அழுற சத்தம் இல்லை" என்றாள். ஸ்டீலை இதைவிட நன்றாக யாரும் எனக்கு விவரித்ததில்லை.

இனி கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதி. பாட்டின் தலைப்பு வரியைப் பின்னணிக் குரல்கள் சொல்ல, அதை வாங்கிக்கொண்டு ஷனாயா தொடருவார். அந்தப் பின்னணிக் குரல்களில் இருப்பது லாங். பல தடவை பாடிப் பல அடுக்காகப் பதிந்து ஒன்றாக்குவது அவருடைய பழைய வேலை முறை. டெஃப் லெப்பர்ட் கோரஸ்களிலும் இதைக் கேட்கலாம். இது இரண்டு பதிப்பிலும் இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பொப் தன்மை பிறகு ஒட்டப்பட்டது இல்லை. எழுதும்போதே, கோரஸைக் கட்டும்போதே உள்ளே இருந்தது. கலவையை மாற்றியவர்கள் அதை மறைத்துக்கொண்டிருந்தவற்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

கிற்றார் வைத்திருப்பவர்கள் ஒன்றாம் கட்டத்தில் கேப்போ போட்டு, டி வடிவங்களில் வாசித்துக்கொண்டு பாடிப் பாருங்கள். வேறு எந்தக் கருவியும் இல்லாமல் பாட்டு நிற்கிறதா? நிற்கிறது. அப்படி நிற்காத பாட்டை எந்த மிக்ஸாலும் இரண்டு உலகத்துக்கும் கொண்டுபோக முடியாது.

ஏன் இந்தச் சிரமமெல்லாம் பட்டார்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கன்ட்ரி நிலையம் தனி, பொப் நிலையம் தனி. ஸ்டீலும் ஃபிடிலும் இல்லாவிட்டால் முதலாவது போடாது. அவை தூக்கலாக இருந்தால் இரண்டாவது போடாது. ஐரோப்பாவில் கன்ட்ரிக்கென்று பெரிய வானொலி வலையே இல்லை. பொப் வழியாக மட்டும்தான் உள்ளே போகலாம். இன்டர்நேஷனல் பதிப்பு அதற்காகப் பிறந்தது. பலன், 1999இல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பம் 'கம் ஆன் ஓவர்'.

நேரம் இருந்தால் 'தட் டோன்ட் இம்ப்ரெஸ் மீ மச்' பாட்டையும் இதே மாதிரி இரண்டு பதிப்பில் கேளுங்கள். வித்தியாசம் இன்னும் பச்சையாகத் தெரியும். வெளிநாட்டுப் பதிப்பு ஆடுகிற பாட்டாகவே ஆகிவிட்டது. பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்க ஹொட் 100இல் 7. சிறுத்தைப் புள்ளி உடையோடு பாலைவனத்தில் நடக்கிற வீடியோவைப் பயிற்சியின்போது பார்க்க வேண்டாம். கண் திறந்தால் காது வேலை செய்யாது.

மூன்றாம் பாட்டு: மூன்று நிறம்

'அப்!' ஆல்பத்தில் 19 பாட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று விதம். பச்சை கன்ட்ரி, சிவப்பு பொப், நீலம் இந்தியச் சாயல். வட அமெரிக்காவில் பச்சையையும் சிவப்பையும் சேர்த்து விற்றார்கள், மற்ற நாடுகளில் சிவப்பையும் நீலத்தையும். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 8,74,000 பிரதிகள் போயின.

'ஐம் கோனா கெட்சா குட்!' பாட்டைப் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் கேளுங்கள். நீலத்தில் நமக்கு ஒரு தனி ஆர்வம் இருக்கும். அந்தப் பதிப்புக்கான தாளக் கருவிகளையும் தந்திக் குழுவையும் மும்பையில் பதிந்தார்கள். வேலை செய்தவர்கள் பிரிட்டனின் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமன்ட் டகல் சகோதரர்கள். டிம்மின்ஸ் சுரங்க ஊரில் வளர்ந்த குரலுக்குக் கீழே நம் பக்கத்துத் தாளம் போவதைக் கேட்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எல்லாப் பாட்டிலும் அது பொருந்துகிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் தாளம் மேலே தூவியது போலத்தான் இருக்கிறது. பச்சையில்தான் அவருடைய குரல் வசதியாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீங்கள் கேட்டு உங்கள் முடிவை எழுதுங்கள்.

இவருக்கு முன்னும் பின்னும்

இந்த வேலையை முதலில் செய்தவர் ஷனாயா இல்லை. 1977இல் டொலி பார்ட்டன் 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாடினார். எழுதியவர்கள் பேரி மான், சிந்தியா வைல் என்ற பொப் பாடலாசிரியர்கள். பாட்டு ஒரேயடியாகப் பொப்பாகிவிட்டது, என் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள் என்று டொலிக்குக் கவலை. தயாரிப்பாளர் கேரி க்ளைனிடம் சொல்லி ஸ்டீல் கிற்றாரைச் சேர்க்க வைத்தார். பாட்டு ஹொட் 100இல் 3ஆம் இடம், கன்ட்ரியில் ஐந்து வாரம் 1ஆம் இடம். ஷனாயாவின் ஆட்கள் வெளிநாட்டுக்காக ஸ்டீலைக் குறைத்தார்கள். டொலி தன் ஊருக்காக அதைச் சேர்த்தார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒரு கருவி எவ்வளவு பெரிய அடையாளச் சீட்டு என்று புரியும்.

பிறகு டெய்லர் ஸ்விஃப்ட். 2008இல் 'லவ் ஸ்டோரி' பாட்டுக்குப் பொப் வானொலிக்கென்று தனி மிக்ஸ் போனது. பொப் நிலையங்களின் பட்டியலில் 1ஆம் இடத்தைப் பிடித்த முதல் கன்ட்ரிப் பாட்டு அது. அங்கே காது வைக்க வேண்டியது பான்ஜோவில், கன்ட்ரியின் இன்னொரு தந்திக் கருவி அது. அதற்குமேல் இங்கே விரிக்கவில்லை. ஷனாயாவில் பழகிய காது அதைத் தானாகப் பிடித்துவிடும்.

நாஷ்வில் ஷனாயாவை எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'தி வுமன் இன் மீ' கோடிக்கணக்கில் விற்றும் அவர் அதற்காகச் சுற்றுப்பயணம் போகவில்லை. இவர் ஸ்டூடியோவில் செய்யப்பட்ட பாடகி, மேடையில் நிற்க மாட்டார் என்று பேசினார்கள். எட்டு வயதிலிருந்து மேடையில் நின்றவரைப் பற்றி! 1998 மே மாதம் ஒன்ராறியோவின் சட்பரியில் முதல் பெரிய சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார். 1999இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கிடைத்தது. அமெரிக்கர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு

கேட்டு முடித்த பிறகு சொந்தப் பாட்டில் செய்து பாருங்கள். தமிழ்ப் பாட்டோ, நாட்டார் மெட்டோ எதுவானாலும் சரி.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைக் காதில் போட்டுக்கொண்டு குரலை மட்டும் பதியுங்கள். பக்கத்தில் கருவிச் சத்தம் எதுவும் குரலோடு கலந்துவிடக் கூடாது. பிறகு வேறு ட்ராக்குகளில் முதல் பதிப்பு: உங்கள் மண்ணின் கருவிகள், உடுக்கோ பறையோ ஆர்மோனியமோ, தாராளமாக. அதை அப்படியே வைத்துவிட்டு, அதே குரலின் கீழே இரண்டாம் பதிப்பு: டிரம், பேஸ், கீபோர்ட். குரலைத் திரும்பப் பாடாதீர்கள், வேகத்தையும் சுருதியையும் மாற்றாதீர்கள். பாண்ட்லாப் போன்ற இலவசச் செயலியே இதற்குப் போதும்.

கோரஸில் மட்டும் உங்கள் குரலையே இன்னும் நாலைந்து தடவை பதிந்து இடமும் வலமுமாகப் பிரித்து வையுங்கள். இது இரண்டு பதிப்பிலும் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் உண்மையாகப் பாட வேண்டும். ஒன்றைப் பாடிவிட்டு நகல் எடுத்து ஒட்டினால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது.

பிறகு இரண்டையும் இரண்டு வகை ஆட்களிடம் கொடுங்கள். நாட்டார் பாட்டு விரும்பிக் கேட்கும் மாமி ஒருவருக்கு இரண்டாம் பதிப்பு, பொப் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு முதல் பதிப்பு. மாற்றித்தான் கொடுக்க வேண்டும். விருப்பமானதைக் கொடுத்தால் 'நல்லா இருக்கு' என்பதோடு முடிந்துவிடும். எந்த இடத்தில் முகம் மாறியது, எந்த இடத்தில் காலால் தாளம் போட்டார்கள் என்று விநாடியோடு குறியுங்கள். இரண்டு பேருமே கோரஸில் தாளம் போட்டால் பாட்டு தயார், மிக்ஸில் மட்டும் வேலை இருக்கிறது. இரண்டு பேருமே கோரஸில் போனைப் பார்த்தால் மிக்ஸை விட்டுவிட்டு, கிற்றாரோடு உட்கார்ந்து மெட்டைத் திரும்ப எழுதுங்கள்.